கைக்கு எட்டும் உயரம்

ஐயப்பன்தாங்கலில் எங்கள் வீட்டுச் சமையலறையை மாற்ற முடிவெடுத்தபோது, மாடுலர் கிச்சன் கடையிலிருந்து ஒரு பையன் லேப்டாப்போடு வந்தான். திரையில் எங்கள் சமையலறை புது மாப்பிள்ளை மாதிரி மின்னியது. மேலே சீலிங் வரை கப்போர்டு, கீழே வரிசையாக டிராயர்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள்: "ஏம்ப்பா, அவ்ளோ மேல இருக்கிற பருப்பு டப்பாவை யாரு எடுத்துக் குடுப்பா?"

அவனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் சாப்பிடுகிறேன்; கடுகு எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அம்மா வளர்ந்த கிராமத்து வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உயரம் இருந்தது. நெல்லுக்குக் குதிர். பூனைக்கு எட்டாமல் பாலும் தயிரும் தொங்க உறி. விசேஷத்துக்கு மட்டும் இறங்கும் அண்டாவுக்குப் பரண். தினமும் பத்துத் தடவை கை போகும் கடுகு, மிளகு, சீரகத்துக்கு அஞ்சறைப்பெட்டி. 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று பழமொழி உண்டாகும் அளவுக்குக் குதிர் பெரியது, ஆள் ஒளியலாம். அரிசியை மூட்டையாகவும் கிலோவாகவும் வாங்கும் நகர வாழ்க்கையில் அதற்கு இடமில்லாமல் போனது. அதன் இடத்துக்கு வந்தது கடப்பா கல் பதித்த கதவில்லாத தட்டு.

லேப்டாப்பில் நான் பார்த்த சமையலறையின் பூர்வீகம் வேறு. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் கடும் வீட்டுப் பஞ்சம். ஃபிராங்க்ஃபர்ட் நகரம் எர்ன்ஸ்ட் மாய் தலைமையில் குடியிருப்புகளைக் கட்டியது. அவற்றுக்காக 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். சுமார் 70 சதுர அடிதான். ரயிலின் உணவுப் பெட்டியில் இருந்த குட்டிச் சமையலறைகளை அவர் கவனித்திருந்தார். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார் என்று கணக்குப் பார்த்தார். பருப்பு, அரிசி போன்றவற்றுக்குக் கைப்பிடி வைத்த அலுமினிய இழுப்பறைகள். இழுத்து அப்படியே கொட்டலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரம், புழு வராது என்பதற்காக. ஏறக்குறைய 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது.

ஆச்சரியம் என்னவென்றால், அதை வரையும்வரை தான் சமைத்ததே இல்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நேரம் மிச்சமாகட்டும் என்பதுதான் அவர் நோக்கம். ஆனால் அந்த அறையில் ஒருவர்தான் நிற்க முடியும். 1970களில் பெண்ணியவாதிகள் கேட்டது அதைத்தான்: ஒருத்தியை மட்டும் உள்ளே நிறுத்திவிட்டு, அவள் நடையைக் குறைத்து என்ன பயன்?

எங்கள் ஊருக்கென்று இன்னொரு கேள்வியும் உண்டு. தாங்கல் என்றால் சிறு ஏரி. தண்ணீர் தங்குமிடம் என்பதைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு வீடு கட்டியிருக்கிறோம். 2015 டிசம்பரில் எங்கள் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். எதிர்வீட்டின் புதுக் கப்போர்டுகள் மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. தண்ணீரில் ஊறிய ரஸ்க் மாதிரி உப்பிப் போயின. எங்கள் கடப்பா தட்டுகளை அம்மா ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, மறுநாளே டப்பாக்களை அடுக்கிவிட்டாள்.

அதனால் கடப்பா கல் அப்படியே இருக்கட்டும் என்றேன். டிராயர்களுக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட். அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள். அதையும் தரையிலிருந்து தூக்கி, கால் வைத்து நிறுத்தச் சொன்னேன். விலை கூடத்தான். பதிலுக்கு மேல் வரிசைக் கப்போர்டை வெட்டினோம்.

எவ்வளவு வெட்டுவது? அம்மாவைச் சுவரோரம் நிற்கவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, விரல் நுனியில் பென்சிலால் கோடு போட்டேன். அவள் பென்சிலை வாங்கிக்கொண்டாள்.

"இப்ப நீ நில்லு."

"எனக்கு எதுக்கும்மா?"

"கையத் தூக்குடா."

சுவரில் இப்போது இரண்டு கோடுகள் இருக்கின்றன.