250 வாட்: சைக்கிளுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கோடு

இன்னிக்கு நாம பேசப்போறது ஒரே ஒரு எண்ணைப் பற்றி. 250.

நம்ம நாட்டில் லைசென்ஸ் இல்லாம, நம்பர் பிளேட் இல்லாம, இன்ஷூரன்ஸ் இல்லாம ஒரு மின்சார வண்டியை ரோட்டில் ஓட்ட முடியும். சட்டப்படியே முடியும். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவா இருக்கணும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவா இருக்கணும். இந்த ரெண்டும் சரியா இருந்து, அரசு அங்கீகரித்த ஒரு சோதனை மையம் சான்று கொடுத்துட்டா, அது மோட்டார் வாகனமே கிடையாதுன்னு விதி சொல்லுது. ஷோரூமில் "லைசென்ஸே தேவையில்லை சார்"னு சொல்லி விற்பது இந்த வரியை வைத்துத்தான்.

சரி, ஏன் 250? ஏன் 300 இல்லை, 500 இல்லை? இதைத் தேடிப் போனபோது எனக்குக் கிடைச்சது அறிவியல் விடை இல்லை. நாலைஞ்சு நாடுகள் வேற வேற காலத்தில், வேற வேற காரணத்துக்காகப் போட்ட பேரங்களின் கதை.

மொபெட் காலம்

மின்சார சைக்கிள் புதுசு இல்லை. 1895-ல் அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். 10 வோல்ட் பேட்டரி, 100 ஆம்பியர் வரை இழுக்கும் மோட்டார். பெருக்கிப் பாருங்க, 1000 வாட். அன்னிக்கு அதை எவ்வளவு வாட்டுக்குள் வைக்கணும்னு கேட்க யாரும் இல்லை. அந்த மாதிரி வண்டிகள் ரோட்டில் பெருகவும் இல்லை, அதனால் அந்தக் கேள்வியே எழலை.

கேள்வி எழுந்தது பெட்ரோல் சைக்கிளால். இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோடு, 1946-ல், பிரான்சில் வெலோசொலெக்ஸ் விற்பனைக்கு வந்தது. சைக்கிளின் முன்சக்கரத்து மேல ஒரு சின்ன எஞ்சின், அவ்வளவுதான். கார் வாங்கக் காசில்லாத தொழிலாளி, மாணவர், டீச்சர் எல்லாரும் ஓட்டினாங்க. இது சைக்கிளா, மோட்டார் சைக்கிளா? மோட்டார் சைக்கிள்னு சொன்னா ஏழை மனுஷன் பரீட்சை எழுதணும், வரி கட்டணும். சைக்கிள்னு விட்டா நாளைக்கே ஒருத்தர் பெரிய எஞ்சினை மாட்டிக்கிட்டு வருவார். அதனால அரசுகள் ஒரு நடுவழி கண்டுபிடிச்சாங்க. "நீ வேகத்தை விட்டுக்கொடு, நான் காகிதத்தை விட்டுக்கொடுக்கிறேன்." இன்னிக்கு வரைக்கும் எல்லா விதிகளுக்கும் அடியில் இருக்கிற பேரம் இதுதான்.

மேற்கு ஜெர்மனி 1965-ல் 'மோஃபா'ன்னு ஒரு தனி வகையையே உருவாக்கியது. மணிக்கு 25 கிலோமீட்டர் போகும் மோட்டார் சைக்கிள், லைசென்ஸ் வேண்டாம். நமக்கு ரொம்பப் பழக்கமான அந்த 25 அங்கே அப்பவே இருக்கு பாருங்க.

அந்தப் பேரத்தை முதலில் உடைச்சது விடலைப் பசங்க. எஞ்சினைக் கழற்றி, அடைப்பை எடுத்து, 25 போற வண்டியை 50 போக வைத்தார்கள். இதுக்கு ஜெர்மன் மொழியில் புழங்கும் சொல் 'ஃப்ரிசீரன்'. நேர் அர்த்தம், தலைமுடி அலங்காரம் பண்றது! கடைசியில் 1980-ல் மோஃபா ஓட்டவும் ஒரு சின்னப் பரீட்சை வந்தது. 1985-ல் ஹெல்மெட்டும் கட்டாயமானது. பேரத்தை ஒருத்தர் மீறினா, அடுத்த தலைமுறைக்கு சலுகை குறையும். இதை மனசில் வைங்க, கடைசியில் தேவைப்படும்.

லண்டனில் ஒரு மூணு சக்கர வண்டி

மின்சார சைக்கிளுக்கென்றே வாட் கணக்கில் கோடு போட்ட ஆரம்பகால நாடுகளில் ஒன்று பிரிட்டன். 1983-ல் வந்த விதி. சாதாரண சைக்கிளுக்கு 200 வாட், மூணு சக்கர சைக்கிளுக்கும் ரெண்டு பேர் மிதிக்கும் சைக்கிளுக்கும் 250 வாட். வேகம் மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர். 14 வயது ஆனா போதும், லைசென்ஸ் வேண்டாம்.

இதை வைத்து ஒருத்தர் பெரிய கனவு கண்டார். வீட்டுக் கம்ப்யூட்டர்களால் புகழ்பெற்ற கிளைவ் சின்க்ளேர். 1985 ஜனவரியில் சின்க்ளேர் சி5 என்ற மூணு சக்கர வண்டியை அறிமுகப்படுத்தினார். மோட்டார் 250 வாட், விலை 399 பவுண்டு. விதி எவ்வளவு அனுமதிச்சதோ, வண்டி சரியா அந்த அளவு.

லண்டன் ஜனவரிக் குளிரில் ஈய அமில பேட்டரி தடுமாறியது. கூரை கிடையாது. ஓட்டுறவர் தரையோடு தரையா உட்காரணும், பக்கத்தில் லாரி வந்தா சக்கரம்தான் கண்ணுக்கு நேரா தெரியும். மேடு வந்தா பெடலை மிதிக்கணும். மக்கள் கேலி செய்தார்கள். அதே வருஷம் அந்த வண்டி நிறுவனம் திவாலாகிவிட்டது.

எனக்கு இதில் முக்கியமாப் படுவது வேற. சட்டம் "இவ்வளவு இருந்தா சைக்கிள்"னு சொன்னது. ஆனா ரோடு அதை சைக்கிளா ஏத்துக்கலை, காராகவும் ஏத்துக்கலை. காகிதத்தில் கோடு போட்டுட்டா மட்டும் போதாது, அந்த வண்டிக்கு ரோட்டில் ஒரு இடமும் வேணும்.

ஜப்பான் கேட்ட வேற கேள்வி

1993-ல் யமஹா 'பாஸ்' என்ற சைக்கிளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதில் முறுக்கித் திருப்பும் த்ராட்டில் கிடையாது. பெடலை நீங்க எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீங்கன்னு ஒரு சென்சார் அளக்கும். அதுக்கு ஏற்ற மாதிரி மோட்டார் உதவும். காலை எடுத்தா மோட்டாரும் நின்னுடும்.

ஜப்பான் விதி வாட்டைப் பிடிச்சுத் தொங்கலை. விகிதத்தைப் பார்த்தது. மணிக்கு 15 கிலோமீட்டர் வரை, மனுஷன் ஒரு பங்கு போட்டா மோட்டாரும் ஒரு பங்கு போடலாம். அதுக்கு மேல உதவி கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு, 24-ல் பூஜ்யமாகணும். 2008-ல் இதை மாற்றி, 10 கிலோமீட்டர் வேகம் வரை மனுஷனின் ஒரு பங்குக்கு மோட்டார் ரெண்டு பங்கு தரலாம்னு தளர்த்தினாங்க.

நான் படிச்சதில் ரொம்ப நேர்மையான விதி இதுதான். "மோட்டார் எவ்வளவு பெரிசு?"ன்னு கேட்காம, "மனுஷன் இன்னும் மிதிக்கிறானா?"ன்னு கேட்குது.

ஆளுக்கு ஒரு எண்

ஐரோப்பிய யூனியன் 2002-ல் ரெண்டு யோசனையையும் ஒண்ணா சேர்த்தது. தொடர் திறன் 250 வாட்; பெடல் மிதிச்சால்தான் மோட்டார் ஓடணும்; வேகம் கூடக்கூட உதவி குறைஞ்சு 25-ல் நிக்கணும். இதுக்குள் இருந்தா சைக்கிள்.

அதே 2002-ல் அமெரிக்கா வேற எண் போட்டது. 750 வாட்டுக்குக் குறைவு, அதாவது ஏறக்குறைய ஒரு குதிரைத்திறன். மோட்டாரால் மட்டும் மணிக்கு 20 மைல், நம்ம கணக்கில் 32 கிலோமீட்டர் வரை. ஒரே வருஷம், ஒரே மாதிரி சைக்கிள், எண் மூணு மடங்கு! சீனாவின் 1999 தரநிலை 240 வாட், 20 கிலோமீட்டர் வேகம், 40 கிலோ எடை. கோடிக்கணக்கான வண்டிகள் ரோட்டுக்கு வந்தன, பல வண்டிகள் அந்த அளவைத் தாண்டித்தான் ஓடின. கடைசியில் 2019-ல் நடைமுறைக்கு வந்த புது தரநிலை 400 வாட், 25 கிலோமீட்டர், 55 கிலோன்னு உயர்த்தியது.

இந்த எண்களை உடம்போடு ஒப்பிட்டா கொஞ்சம் புரியும். சாதாரண ஆள் களைப்பில்லாம மிதிச்சா சுமார் 75 முதல் 100 வாட் தருவார். 250 வாட் என்பது நல்லா பயிற்சி எடுத்த ஒரு சைக்கிள் வீரரை உங்க பின்னாடி உட்கார வைத்த மாதிரி. 750 வாட் என்றால் அப்படி மூணு பேர்.

நியூயார்க்கில் யார் அபராதம் கட்டியது?

இந்தக் கோடு யாரைக் குத்துது என்பதுக்கு நியூயார்க் நல்ல உதாரணம். 2017 அக்டோபரில் அந்த நகர மேயர் மின்சார சைக்கிள்கள் மேல் கடும் நடவடிக்கை அறிவிச்சார். ஓட்டுறவங்களில் பெரும்பாலானவர்கள் சாப்பாடு டெலிவரி செய்யும் சீன, லத்தீன் அமெரிக்கக் குடியேறிகள். 500 டாலர் அபராதம், சைக்கிள் பறிமுதல். 2018-ல் நகரம் ஒரு வேறுபாடு சொன்னது: பெடல் மிதிச்சு ஓடுற வகை சரி, த்ராட்டில் வகை தப்பு. டெலிவரி ஆட்கள் கையில் இருந்தது த்ராட்டில் வகை. நாள் முழுக்க, பத்து பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுறவருக்கு பெடல் ஒரு உடற்பயிற்சி இல்லை.

2020 ஏப்ரலில், கோவிட் ஊரடங்கு நடுவில், மாநிலம் த்ராட்டில் வகைக்கும் அனுமதி கொடுத்தது. நகரமே வீட்டுக்குள் இருந்தபோது சோறு கொண்டு போனது அந்த சைக்கிள்கள்தான். மோட்டார் மாறலை. அதை ஓட்டுறவர் யாருக்குத் தேவைன்னு ஊருக்குப் புரிஞ்சது.

நம்ம ஊர் விதி

இப்போ இந்தியாவுக்கு வருவோம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சின்ன எஞ்சினுக்கு விலக்கு உண்டு. நாலு சக்கரத்துக்குக் குறைவான வண்டி, எஞ்சின் 25 சிசிக்குள் இருந்தா அது மோட்டார் வாகனம் இல்லை. ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50 கூட இந்த விலக்குக்குள் வரலை, அது 50 சிசி. பின்னர் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பேட்டரி வண்டிக்கான வரையறை வந்தபோது ஐரோப்பாவின் 250-ம் 25-ம் அதில் இடம் பிடித்தன. ஆனா ஒரு விஷயம் விட்டுப்போச்சு.

ஐரோப்பாவில் பெடல் கட்டாயம். நம்ம விதியில் பெடல் சைக்கிள் ஒரு வகை. பெடலே இல்லாத, கையால் முறுக்கி ஓட்டும் ஸ்கூட்டரும் அந்த ரெண்டு எண்களுக்குள் இருந்தா விலக்கு பெறலாம். கோயம்புத்தூரில் 2008-ல் தொடங்கின ஆம்பியர் உட்பட பல நிறுவனங்கள் இந்தக் குறைந்த வேக ஸ்கூட்டர்களைச் செய்தன. லைசென்ஸ் எடுக்கத் தயங்கின வீட்டுப் பெண்கள், ஓய்வு பெற்றவர்கள், டியூஷன் போகும் பிள்ளைகள்னு நிறைய பேருக்கு அது முதல் வண்டி. இன்னிக்கு டெலிவரி வேலைக்கு வாடகை வண்டி எடுக்கிற பல இளைஞர்களுக்கும் அதுதான்.

இங்கே ஒரு சிக்கல். நம்ம விதி சொல்வது 'முப்பது நிமிடத் திறன்'. அதாவது மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சராசரி. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷத்துக்கு அதே மோட்டார் ரெண்டு மடங்கு கூடத் தரலாம், அது தப்பில்லை. அதனால ஸ்டிக்கரைப் பார்த்து உண்மையான பலத்தை யாராலும் சொல்ல முடியாது. வண்டியின் வேகத்தை அடக்கி வைத்திருப்பது கன்ட்ரோலர் என்ற ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு வயரைப் பிரிச்சுவிட்டா 25 போற வண்டி 45 போகும். 2022-ல் மகாராஷ்டிரப் போக்குவரத்துத் துறை இப்படி மாற்றின வண்டிகள் மேல் சோதனை நடத்தியது.

ஏன் மாற்றுறாங்க? நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 80 கிலோ ஸ்கூட்டர், 70 கிலோ ஆள், 20 கிலோ சுமை. நூறு அடிக்கு அஞ்சு அடி உயரும் ஒரு மேம்பாலம். வெறும் 250 வாட்டில் ஏறினா வேகம் மணிக்கு சுமார் 8 கிலோமீட்டர். பின்னாடி பஸ் ஹாரன் அடிக்கும், ஆப்பில் நேரம் ஓடும். மாற்றினவரைத் திட்டுறதுக்கு முன்னாடி இதையும் நினைக்கணும்.

ஆனா மறுபக்கமும் இருக்கு. 25-லிருந்து 45-க்குப் போனா மோதலின் ஆற்றல் மூணு மடங்குக்கு மேல் கூடும், பிரேக் அதே சின்ன பிரேக்தான். விலக்கு பெற்ற வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்லை. 25-ஐத் தாண்டின நிமிஷமே அது பதிவு செய்யாத, இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். ரோட்டைக் கடக்கிற ஒரு பாட்டிமேல் இடிச்சா, அவங்க சிகிச்சைக்குப் பணம் கொடுக்க எந்த நிறுவனமும் வராது. ஓட்டினவர் கையிலிருந்துதான் போகணும். வண்டி மாற்றிக் கொடுத்த கடைக்காரர் அங்கே நிக்க மாட்டார்.

அதனால என் கருத்து இது. பேரம் தப்பில்லை, அதில் கையெழுத்துப் போடுறவர் தப்பான ஆள். கன்ட்ரோலரைத் திறக்க முடியாதபடி செய்ய வேண்டியது தயாரிப்பாளர். மேம்பாலம் ஏற முடியாத வண்டியை டெலிவரிக்குக் கொடுத்துட்டு நேரம் குறிக்கிறது நிறுவனம். பிடிபடுறதும் அடிபடுறதும் மட்டும் ஓட்டுறவர். மோஃபா காலத்துப் பசங்க செய்த வேலைக்கு அடுத்த தலைமுறை பரீட்சை எழுதின மாதிரி, இங்கேயும் சலுகையே போயிட்டா, உண்மையா தேவைப்படுற அந்த டியூஷன் பிள்ளையும் ஓய்வு பெற்ற பெரியவரும்தான் இழப்பாங்க.

நீங்க இப்படி ஒரு வண்டி வாங்கப் போறீங்கன்னா, வாடகைக்கு எடுக்கப் போறீங்கன்னா, மூணு விஷயம் கேளுங்க. சோதனை மையத்தின் சான்றிதழ் நகல் இருக்கா? அதில் இருக்கிற மாடல் பெயரும் வண்டியில் இருக்கிற பெயரும் ஒண்ணா? "இன்னும் கொஞ்சம் ஸ்பீடு வச்சுத் தரவா"ன்னு கடைக்காரர் கேட்டா, அந்த ஸ்பீடில் ஏதாவது ஆச்சுன்னா பில்லில் அவர் பெயர் இருக்குமா? மூணாவது கேள்விக்கு வரும் பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அதை வைத்தே பேசலாம்.