இறங்கித் தள்ளு

எட்டு மாதமாக வாரத்தில் மூன்று நாள் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். புக்கிட் செலம்பாவில் வீடு, சுங்கை பட்டாணியில் பக்கார் அராங் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை. மோட்டார் சைக்கிளில் அரைமணி நேரம், சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்கு மேல். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பாதி தூரம் இருட்டுதான். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி வைத்தார்கள். அதனால் நம் ஊரில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வேலையிடத்தில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை நடந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 6.3. "இன்னும் நோய் இல்ல, ஆனா வாசல்ல நிக்குது" என்றார் டாக்டர். எனக்கு இருபத்தெட்டு வயது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்று சொல்லலாம். ஜிம்முக்குப் போக நேரமில்லை. வேலைக்குப் போகிற நேரம் எப்படியும் செலவாகப்போகிறது, அதையே உடற்பயிற்சி ஆக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

முதல் நாள் ஹெல்மெட்டும் விளக்குமாகக் கிளம்பியபோது பாட்டி வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க வேலைக்குப் போக ஒடம்ப வச்சிருந்தோம். நீ ஒடம்புக்காக வேலைக்குப் போறியா?" என்று கேட்டார். சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அந்தக் கேள்வி மட்டும் பெடலை மிதிக்கும்போதெல்லாம் கூடவே வந்தது. இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்ததுதான்.

பாட்டி முப்பது வருடத்துக்கு மேல் கித்தா மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆஜர். தண்டல் பேர் கூப்பிட்டு நெரை பிரித்துக் கொடுத்ததும் காட்டுக்கு நடை. ஒரு ஆளுக்கு நானூறு மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மரத்துக்கு மரம் ஆறு மீட்டர். வெட்டிக்கொண்டு போக 2.4 கிலோமீட்டர், மங்கில் நிறைந்த பாலை எடுக்க மறுபடியும் அதே 2.4. லயத்திலிருந்து காட்டுக்கும், காட்டிலிருந்து பால் ஸ்டோருக்கும் நடப்பது தனி. அந்தக் கடைசி நடையில் காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் வாளி தொங்கும். ஒவ்வொரு மரத்திலும் குனிந்து நிமிர வேண்டும். என் கைக்கடிகாரத்தை அன்று பாட்டி கையில் கட்டியிருந்தால் அது தினமும் வாழ்த்துச் சொல்லிச் சொல்லியே ஓய்ந்திருக்கும்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் வழக்கமாக ஒரு பெருமூச்சு விடுவார்கள். "அந்தக் காலத்துல உழைச்சாங்க, நோய் இல்லாம இருந்தாங்க." இது பாதி உண்மை. 1953இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். மாடிப் பேருந்தில் நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட மாரடைப்பு குறைவாக இருந்தது. வேலையில் உடல் அசைந்தால் இதயத்துக்கு நல்லது என்று உலகம் எண்ணிக்கையோடு கற்றுக்கொண்டது அங்கேதான். ஆனால் அந்தக் கண்டக்டருக்குச் சாப்பாடு இருந்தது, வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு இருந்தது, தொழிற்சங்கம் இருந்தது. நம் தோட்டங்களில் மலேரியாவும் கொக்கிப்புழுவும் இருந்தன. பாட்டியின் வலது தோள் இன்றைக்கும் காதுக்கு மேல் தூக்க வராது. அவருக்கும் சர்க்கரை உண்டு. உழைப்பு அவருக்கு உடற்பயிற்சியாக அமையவில்லை. ஏன் என்பதற்குப் பதில் எனக்கு ஒரு சைக்கிளில் கிடைத்தது.

நம்மை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்ததில் சைக்கிளுக்கும் பங்கு உண்டு. 1880களின் கடைசியில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் பெல்ஃபாஸ்டில் தன் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். சைக்கிள் மோகம் ரப்பருக்குத் தேவையை உண்டாக்கியது, பின்னால் வந்த மோட்டார் கார் அதைப் பல மடங்காக்கியது. மலாயாவில் காடுகள் அழிந்து கித்தா மரங்கள் நிரை நிரையாக எழுந்தன. அவற்றை வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வந்தது. நாம் வடித்த பால் டயராகி, அந்த டயர் சைக்கிளில் ஏறித் திரும்பத் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தது. கொஞ்சம் காசு சேர்த்த தொழிலாளி ஒரு சைக்கிள் வாங்கினான். காட்டுக்கு நடக்கிற நேரம் மிச்சமாயிற்று. பக்கத்துத் தோட்டத்துச் சொந்தக்காரரைப் பார்க்க முடிந்தது, பட்டணத்தில் கூட்டம் நடந்தால் போய்விட்டு வர முடிந்தது.

அதில் ஒரே ஒரு சிக்கல். எதிரே துரை வந்தால் இறங்க வேண்டும். இறங்கி, ஓரமாக நின்று, அவர் போன பிறகுதான் ஏற வேண்டும். துரைக்கு மட்டுமில்லை, கிராணிக்கும் அதே மரியாதை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றவர்களில் முக்கியமானவர் ஆர்.எச். நாதன். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், கள்ளுக்கடைகளை மூடுவது, உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோவது எல்லாம் இருந்தன. அந்தப் பட்டியலிலேயே இதுவும் இருந்தது: ஐரோப்பிய நிர்வாகிகளையும் ஆசிய ஊழியர்களையும் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக் கூடாது.

முதல் முறை படித்தபோது அங்கேயே நிறுத்திவிட்டேன். வயிற்றுப்பாட்டுக்கான கோரிக்கைகளுக்கு நடுவில் இதைச் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருப்பார். மற்றவர்கள் "ஆமா, அதையும் எழுது" என்றிருப்பார்கள். சைக்கிளை விட்டு இறங்க எவ்வளவு நேரம் ஆகும், மூன்று வினாடி? சக்தி அதிகம் செலவாகாது, காசும் குறையாது. ஆனால் தன் உடம்பு எப்போது உட்காரலாம், எப்போது நிற்கலாம் என்பதை இன்னொருவன் தீர்மானிக்கிறான் என்பது அந்த மூன்று வினாடியில் தெரிந்துவிடுகிறது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அதே வருடம் டிசம்பரில் எங்கள் கெடா சாலையில் வேறு சைக்கிள்கள் வந்தன. ஜித்ராவில் பிரிட்டிஷ் படையின் அரண் உடைந்தது. அடுத்த சில நாட்களில், எங்கள் ஊருக்கு வடக்கே இருக்கும் குரூணிலும் உடைந்தது. ஜப்பானியக் காலாட்படை ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் தெற்கே இறங்கியது. டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்களாம். யாருக்காக இறங்கி நிற்கச் சொன்னார்களோ, அந்தத் துரைமார்கள் இவர்களுக்கு முன்னால் ஓடினார்கள். தோட்டத்து ஜனம் அதை நேரில் பார்த்தது. பிறகு வந்தவர்கள் நல்லவர்களாக இல்லை. சயாம் ரயில் பாதை போடப் பல்லாயிரம் தமிழர்களைத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோனார்கள், பலர் திரும்பவில்லை. உடம்பின் முதலாளி மாறினான், அவ்வளவுதான்.

ஆனால் அந்த வருடங்களில் இன்னொன்றும் நடந்தது. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் முதல் முறையாக நெஞ்சை நிமிர்த்திக் கவாத்துப் பழகினார்கள். போர் முடிந்தது, ராணுவம் கலைந்தது, கவாத்து மட்டும் நின்றுபோகவில்லை. பீடோங் பக்கத்தில் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. நான் பிறந்து வளர்ந்த இடத்துக்குப் பக்கத்துத் தோட்டம் அது. பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. அவர்களுடைய முதல் எதிரி கள்ளு. குடிப்பவர்களைத் தடுத்தார்கள், கள்ளுக்கடைகளை மறித்தார்கள். வரிசையில் நின்று கவாத்தும் செய்தார்கள். பகலெல்லாம் மரம் வெட்டிய அதே உடம்பு.

இங்கேதான் பாட்டியின் கேள்விக்குப் பதிலின் ஒரு நுனி அகப்படுகிறது. ஏற்கெனவே களைத்துப்போன ஒருவனுக்கு எதற்கு உடற்பயிற்சி? நானூறு மரம் வெட்டியவன் சாயங்காலம் வந்து எதற்காகக் கால் மாற்றிக் கால் வைத்து நடக்க வேண்டும்? காலையில் நடந்த நடைக்குத் தண்டல் கணக்கு வைத்திருக்கிறார். சாயங்கால நடை அவனுடையது. தோட்டத் தமிழன் தனக்காகத் தன் உடம்பை அசைத்த முதல் இடங்களில் ஒன்று இந்தக் கவாத்து மைதானம் என்று நான் நினைக்கிறேன்.

நிர்வாகத்துக்கும் இது புரிந்திருக்கும். கள்ளு குடிக்காத, வரிசையில் நிற்கத் தெரிந்த கூலி ஆபத்தானவன். 1947 பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் போலீஸ் மோதலில் முடிந்தது. மார்ச் மாதம் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் போலீஸ் புகுந்து அடித்தது, பலர் கைதானார்கள். ஏப்ரலில் கூலிம் பக்கம் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி இறந்தார். தொண்டர் படை ஒடுங்கிப்போனது.

தொண்டர் படையைக் குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். குடித்தவனைத் தண்டித்தபோது அவர்களே இன்னொருவனுடைய உடம்புக்குத் துரையாகவும் ஆகியிருக்கிறார்கள். இருந்தாலும், நம் சமூகத்தில் உடல்நலம் பற்றிய பேச்சு டாக்டரின் எச்சரிக்கையிலிருந்துதான் தொடங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது ஒரு போராட்டத்திலிருந்தும் தொடங்கியிருக்கிறது என்பது புதுச் செய்தி.

இதையெல்லாம் படித்த பிறகு தாத்தா நினைவுக்கு வந்தார். அவர் 1932இல் பிறந்தவர், நான் பள்ளியில் படிக்கும்போது இறந்துவிட்டார். எனக்கு ஏழெட்டு வயதில் அவருடைய சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து கடைக்குப் போவேன். வழியில் பழைய துரை பங்களா ஒன்று உண்டு. அப்போதே அது காலி, கூரையில் செடி முளைத்திருக்கும். அந்த இடம் வந்ததும் தாத்தா இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பார். தாண்டியதும் ஏறிக்கொள்வார். மேடு, தாத்தாவுக்கு மூச்சு வாங்குகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது, பங்களாவின் சுவர்கூட இல்லை. சாலை அதேதான். சைக்கிளில் போகிறவனுக்குச் சாலையின் ஏற்ற இறக்கம் தொடையில் தெரியும். காரில் போகிறவனை ஏமாற்றலாம், தொடையை ஏமாற்ற முடியாது. அங்கே மேடு இல்லை.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "மேடு என்னா மேடு. அவங்கப்பா எறங்கச் சொல்லிக் குடுத்தாரு. சின்னதுல பழகுனது. தொர போயி எத்தன வருசமாச்சின்னு நானும் சொல்லிப் பாத்தேன், காலு கேக்காதுன்னுட்டாரு."

காலு கேக்காது. 1941இல் கிள்ளானில் ஐந்து உயிர் போனது. 1957இல் சுதந்திரம் வந்தது. அதன் பிறகு துரைகள் போனார்கள், தோட்டமும் போனது. என் தாத்தாவின் கால் மட்டும் ஒரு காலி பங்களாவுக்கு மரியாதை செய்துகொண்டிருந்தது. பயிற்சி என்பது இதுவும்தான். ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால் உடம்பு அதைத் தனதாக்கிக்கொள்கிறது. நல்லதென்றும் கெட்டதென்றும் அதற்குத் தெரியாது.

ஆகவே பாட்டியின் கேள்விக்கு என் பதில் இப்படி: ஆமாம் பாட்டி, உடம்புக்காகத்தான் போகிறேன். நீங்கள் நடந்ததைவிட என் மிதி ரொம்பச் சுலபம். ஆனால் முடியாத நாளில் நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்ளலாம், மழை பெய்தால் போகாமலும் இருக்கலாம். உழைப்புக்கும் உடற்பயிற்சிக்கும் நடுவில் இருப்பது அந்த "முடியாது" என்ற ஒரு சொல்தான். உங்களுக்கு அது இல்லை.

எனக்கும் அது முழுசாக இருக்கிறதா என்று சில நாள் சந்தேகம் வரும். நான் வேலை செய்யும் இடத்தின் நுழைவாயிலில் ஒரு விதி உண்டு. சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கார்கள் கண்ணாடியை இறக்கி அட்டையைக் காட்டினால் போதும். பாதுகாப்புக்காக என்றார்கள், லோரி திரும்பும் இடம், நியாயமான காரணம்தான். என்னைத் தவிர சைக்கிளில் வருகிறவர்கள் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள். விடுதியிலிருந்து வருகிறார்கள். அவர்கள் உடற்பயிற்சிக்காகச் சைக்கிள் ஓட்டவில்லை.

தினமும் காலை ஏழேகாலுக்கு நாங்கள் எல்லாரும் அங்கே இறங்குகிறோம். முதல் சில வாரம் நான் எதையும் யோசிக்கவில்லை. இப்போது கால் தரையைத் தொடும் அந்த மூன்று வினாடியைக் கவனிக்கிறேன். பாதுகாப்புக் கூட்டத்தில், சைக்கிள்களுக்குத் தனியாக ஒரு சிறு வழி போட்டால் லோரிக்கும் இடைஞ்சல் இல்லை, யாரும் இறங்கவும் வேண்டாம் என்று வரைபடத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு மீட்டர் அகலம் போதும். பதில் இன்னும் வரவில்லை.

சர்க்கரை 5.7க்கு இறங்கியிருக்கிறது.