கணக்குக்குள் அடங்காத வலை

1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட் வேகத்தில் ஓடிய தரவு வெறும் 40 பிட்டாகச் சுருங்கியது. இரண்டுக்கும் நடுவே சுமார் 400 கஜத் தொலைவுதான். கம்பி எங்கும் அறுந்துவிடவில்லை. ஒவ்வொரு கணினியும் தன் மென்பொருள் சொன்னபடியே தொலைந்த தரவுப் பொட்டலங்களைத் திரும்பத் திரும்ப அனுப்பியது; அதுவே நெரிசலைப் பெருக்கியது. 1988இல் வலையமைப்பு ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் இதை விளக்கி, மென்பொருளைத் திருத்தும் வழியையும் காட்டினார். ஒரு வலையமைப்பின் குணத்தை அதில் ஓடும் மென்பொருளே பெரிதும் தீர்மானிக்கிறது என்பதே இந்நிகழ்வு தரும் பாடம். அப்படியானால் வலையமைப்பை ஒத்திகை பார்க்க விரும்புகிறவர் அந்த மென்பொருளையே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஆனால் அன்றைய ஆய்வாளர்கள் கையில் இருந்தவை ‘ரியல்’, அதிலிருந்து கிளைத்த ‘என்எஸ்’ போன்ற பாவனை நிரல்கள். இவை ரவுட்டரையும் கணினியையும் எளிமையான மாதிரிகளாக்கி, நிகழ்வுகளை வரிசையாகக் கணக்கிட்டன. ஆயிரக்கணக்கான கணுக்களை வாங்காமலே ஆராய வழிவகுத்தது இவற்றின் பெருமை. எழுதியவர் நினைத்துப் பார்க்காத பிழை மாதிரிக்குள் வராது என்பது இவற்றின் எல்லை. அந்த எல்லையைத் தாண்டும் கருவியோ வேறொரு தேவைக்காக முன்பே பிறந்திருந்தது. விலையுயர்ந்த ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்வதற்காக, ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் மையம் 1960களில் சிபி-40, சிபி-67 ஆகியவற்றை உருவாக்கியது. பயனர் ஒவ்வொருவருக்கும் முழுக் கணினியே தனக்கு வாய்த்தது போன்ற மெய்நிகர் இயந்திரம் கிடைத்தது. 1999இல் விஎம்வேர் அதைச் சாதாரண மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2005இல் கிறிஸ்டோஃப் ஃபியோ வெளியிட்ட டைனமிப்ஸ் என்ற நிரல், சிஸ்கோ ரவுட்டரின் செயலியையே மென்பொருளால் போலச்செய்து, உண்மையான ரவுட்டர் மென்பொருளை அதன்மேல் ஓடவிட்டது. ஜிஎன்எஸ்3 என்ற மென்பொருள் அத்தகைய ரவுட்டர்களைத் திரையில் கோடிட்டு இணைக்க உதவியது. ரவுட்டர் வாங்க வசதியில்லாத மாணவரும் பெரிய வலையமைப்பைக் கட்டி, உடைத்து, மீண்டும் கட்ட முடிந்தது.

இத்தகைய மெய்நிகர் ஒத்திகைக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பத்து மெய்நிகர் இயந்திரங்கள் ஒரே செயலியைப் பங்கிடும்போது, ஒன்றின் கடிகாரம் மற்றொன்றின் வேலைக்காகக் காத்திருக்கிறது. அசல் ரவுட்டரில் பொட்டலங்களை அனுப்பும் தனிச் சில்லுகளின் வேகமும் அங்கே இல்லை. எனவே அங்கே அளந்த வேகத்தை நம்ப முடியாது என்கிறார்கள். உண்மைதான், வேகத்தையும் நெரிசலையும் அளக்கப் பாவனை நிரல்களும் அசல் கருவிகளும் இன்றும் தேவை. ஆனால் வலையமைப்புகள் முடங்குவதற்கு வேகக் குறைவு மட்டும் காரணமல்ல. மைக்ரோசாஃப்ட் தன் மேகக் கணிமை வலையில் நேர்ந்த கோளாறுகளை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவை மென்பொருள் பிழையாலும் தவறான அமைவாலும் வந்தவை என்று கண்டது. அதனால்தான் 2017இல் ‘கிரிஸ்டல்நெட்’ என்ற பெயரில், தன் வலையில் ஓடும் அதே ரவுட்டர் மென்பொருளையும் அதே அமைவுகளையும் மெய்நிகர் இயந்திரங்களில் ஏற்றி ஒத்திகை பார்க்கும் ஏற்பாட்டை அது விவரித்தது. அமைவில் ஒரு வரி தவறினால் பாதை மாறும். அந்தத் தவறு மெதுவாக ஓடும் ரவுட்டரிலும் வெளிப்பட்டே தீரும். வங்கியும் மருத்துவமனையும் நம்பியிருக்கும் வலையில் கை வைக்கும் முன் இந்த ஒத்திகையைப் பொறியாளரின் அடிப்படைக் கடமையாகவே கருத வேண்டும்.