தங்கத் துகள் அடுப்பான கதை

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே தங்கக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்தபோது, அது மாணிக்கச் சிவப்பானது. உப்பைப் போட்டால் நீலமானது. கண்ணுக்கு எட்டாத தங்கத் துகள்கள்தான் இதற்குக் காரணம் என்று 1857இல் அவர் சொன்னார். அந்தக் கரைசல்கள் இருந்த குப்பிகளில் சில இன்றும் அங்கே இருக்கின்றன.

சிவப்பு எப்படி வந்தது என்பதற்கு 1908இல் குஸ்டாவ் மீ கணக்குப் போட்டுக் கொடுத்தார். துகள் பச்சை ஒளியை விழுங்கிவிடுகிறது, மிஞ்சுவது சிவப்பு. விழுங்கிய ஒளி துகளின் எலக்ட்ரான்களை ஒருசேர ஆட்டிவைத்து, கடைசியில் வெப்பமாகிறது. ஒளியியல்காரர்களுக்கு அந்த வெப்பம் வெறும் நஷ்டக்கணக்கு.

துகளுக்கு வேறொரு வேலை கொடுத்தவர்கள் பெல் ஆய்வகத்தின் வாக்னரும் எல்லிஸும். 1964இல் சிலிக்கான் மேல் தங்கப் பொட்டு வைத்து, உலையில் சூடாக்கி, சிலிக்கான் கலந்த வாயுவைச் செலுத்தினார்கள். தங்கம் தனியாக உருக 1064 டிகிரி வேண்டும். சிலிக்கானோடு சேர்ந்தால் 363 டிகிரியே போதும். உருகிய சொட்டு வாயுவிலிருந்து சிலிக்கானை உறிஞ்சி, தன் அடியில் கம்பியாகக் கக்கியது. நல்ல வித்தைதான். ஆனால் கம்பி வளர்க்க முழு உலையும் கொதிக்க வேண்டியிருந்தது.

2006இல் கால்டெக்கின் டேவிட் பாய்ட் குழு அந்த நஷ்டக்கணக்கையே முதலாக்கியது. 23 நானோமீட்டர் தங்கத் துகள்களைக் கண்ணாடியில் தூவி, குறைந்த சக்தி லேசரைக் குவித்தார்கள். ஒளி பட்ட இடத்துத் துகள்கள் 150 டிகிரிக்கு மேல் சூடேறின. சுற்றி வந்த வேதிப்பொருள் ஆவி அங்கே மட்டும் சிதைந்து ஈய ஆக்சைடாகவோ டைட்டானியம் ஆக்சைடாகவோ படிந்தது. லேசரை நகர்த்தினால் படிவும் கூடவே நகரும். இங்கே தங்கம் அடுப்பு மட்டும்தான். அதனால் ஆவியிலிருந்து படியவைக்கக்கூடிய ஏறக்குறைய எந்தப் பொருளுக்கும் இது பொருந்தும். என் கணிப்பில் கதையின் பெரிய திருப்பம் இதுதான்.

அந்தக் குழுவில் இருந்த மார்க் பிராங்கர்ஸ்மா, மறுவருடமே ஸ்டான்ஃபோர்டு சகாக்களோடு இதே ஒளிச்சூட்டில் நானோகம்பிகளையும் கார்பன் நானோகுழாய்களையும் ஒவ்வொன்றாக, வேண்டிய இடத்தில் வளர்த்துக் காட்டினார்.

ஆனால் தங்கத்தைப் பயன்படுத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிலிக்கானுக்குள் புகுந்த தங்க அணு மின்சுமைகளைப் பிடித்து அழித்துவிடும். அதனால் சில்லுத் தொழிற்சாலைகளில் டிரான்சிஸ்டர் செய்யும் பகுதிக்குள் தங்கத்தை அண்ட விடுவதில்லை.