திருமூலர் கண்ட யோக நெறியும் உடலோம்பலும்

யோகம் என்னும் வடசொல் கூடுதல், இயைதல் என்னும் பொருளது. எது எதனோடு கூடுதல் என வினவின், அதற்குரிய விடை சமயந்தோறும் வேறுபடும். இக்காலத்தே அச்சொல் உடற்பயிற்சி யொன்றற்கே பெயராய் உலகெங்கும் வழங்குகின்றது. அதுகண்டு, யோகமாவது நோய் நீக்கும் முறையே யன்றி வேறில்லை என்பார் ஒருசாரார். அழியும் உடம்பைப் பேணுதல் ஞானத்திற்குப் புறம்பாதலின் அப்பயிற்சி இகழற்பாலதே என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கையும் பொருந்தாமை, இந்நெறியின் வரலாற்றை முறையே நோக்குவார்க்கு இனிது விளங்கும்.

யோகத்தைச் சிவபரம்பொருளோடு இயைத்துக் கூறும் பழைய நூல்களுள் சுவேதாசுவதர உபநிடதம் தலைசிறந்தது. உருத்திரனையே இரண்டாவதற்கு இடமில்லா முதல்வன் எனப் போற்றும் அந்நூல், தன் இரண்டாம் அத்தியாயத்தில் யோகஞ் செய்வார்க்குரிய இடத்தையும் இருக்கையையும் வகுத்துரைக்கின்றது. பரற்கல்லும் நெருப்பும் ஆரவாரமும் இல்லாத சமநிலத்தில், மார்பும் கழுத்தும் தலையும் நேர்நிற்க இருந்து, மூச்சை அடக்குக என்பது அதன் விதி. அப்பயிற்சி கைகூடுதற்கு முதல் அறிகுறிகளாக உடலின் இலேசும், நோயின்மையும், அவாவின்மையும், மேனித்தெளிவும், இனிய குரலும் அதன்கண் எண்ணப்படுகின்றன. உடல்நலம் யோகத்தின் தொடக்கத்தே தோன்றும் அடையாளமாக வைக்கப்பட்டதன்றி, அதன் முடிவாக வைக்கப்படாமை ஈண்டு உற்றுநோக்கத்தக்கது.

சைவருள் யோகம் ஆசிரியர் மாணாக்கர் மரபாக வழிவழி வந்தமைக்குக் கல்வெட்டும் சான்று பகரும். வடமதுரையிற் கிடைத்த கி.பி. 380-ஆம் ஆண்டுத் தூண் சாசனம், இரண்டாஞ் சந்திரகுப்தன் காலத்துப் பாசுபத ஆசிரியர் ஒருவரைக் குசிகர் வழியிற் பத்தாமவர் எனக் கூறுகின்றது. சைவாகமங்களும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதங்களுள் ஒன்றாக யோகத்தை வைத்து உணர்த்தின.

பதஞ்சலி முனிவர் இயற்றிய யோக சூத்திரம் நான்கு பாதங்களை உடையது. சித்தத்தின் விருத்திகளை அடக்குதலே யோகம் என்பதும், பிரகிருதியினின்று புருடன் நீங்கித் தனித்து நிற்றலே வீடு என்பதும் அந்நூலின் கொள்கை. ஈசுர தியானம் ஆண்டு கூறப்படினும், அது சமாதிக்குரிய வழிகளுள் ஒன்றாகவே அமைந்தது. சைவத்திலோ சிவத்தோடு கூடுதலே பயன். தனித்து நிற்றல் அன்று. உறுப்புக்கள் எட்டும் இரு நெறிக்கும் பொதுவாயினும், சென்றுசேரும் இடம் வேறு என்க.

இவ்வேறுபாட்டைத் தமிழில் விளங்க வைத்தவர் திருமூல நாயனார். கயிலையினின்று பொதிகை நோக்கி வந்த சிவயோகியார் ஒருவர், திருவாவடுதுறைக்கு அணித்தாய சாத்தனூரில் மூலன் என்னும் ஆயன் இறந்துகிடப்ப, அவன் மேய்த்த பசுக்கள் சூழ்ந்து கதறக் கண்டு இரங்கி, அவனுடம்பிற் புகுந்தனர் என்று சேக்கிழார் பெருமான் அருளினார். உயிர்களின் துயர் துடைத்தற்கு ஓர் உடம்பை மேற்கொண்டவர், அவ்வுடம்பைக் கொண்டே யோகத்தமர்ந்து திருமந்திரம் அருளினார் என்பது வரலாறு. பத்தாந் திருமுறையாகிய அந்நூலின் காலம்பற்றி ஆராய்ச்சியாளர் கருத்து வேறுபடினும், சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் நாயனாரைப் போற்றியிருத்தலின், அவர்க்கு முற்பட்டவர் என்பது துணிபு.

திருமந்திரத்தின் ஒன்பது தந்திரங்களுள் மூன்றாவது யோகத்தை விரிக்கின்றது. பதஞ்சலியார் இயமம், நியமம் ஒவ்வொன்றையும் ஐந்தைந்தாகக் கொள்ள, திருமூலர் பப்பத்தாகக் கொள்கின்றனர். கொல்லாமை, பொய்யாமை முதலியன இயமத்தின்பாற்படும். சிவபூசையும் சித்தாந்தக் கேள்வியும் நியமத்துள் அடங்கும். ஒழுக்கமும் வழிபாடும் நிலைத்த பின்னரே ஆதனம் கூறப்படுகின்றது. பத்திரம், கோமுகம், பங்கயம், கேசரி, வீரம், சுகம் முதலியன அவ்வாதனங்கள். பிராணாயாமத்திற்குப் பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 மாத்திரை என அளவும் வரையறுக்கப்பட்டது. அந்தியிற் பயிலின் ஐயும், நண்பகலிற் பயிலின் வாதமும், வைகறையிற் பயிலின் பித்தமும் நீங்கும் என நாள்தோறும் செய்யும் பயிற்சிக்குப் பயனும் ஆண்டு ஓதப்பட்டது. உடம்பை முன்னர் இழுக்கென்று எண்ணியிருந்து, பின்னர் அதனுள்ளே இறைவன் கோயில்கொண்டமை கண்டு ஓம்பலானதாக நாயனாரே வேறோரிடத்துக் கூறுதலும் நினைவுகூரத்தக்கது. ஆகவே உடலோம்பல் ஞானத்திற்குப் புறம்பு என்பார் கூற்று அவர் வாக்கொடு மாறுபடுதல் காண்க.

அற்றேல், உடலோம்பலே யோகத்தின் முடிபாமோ எனின், அற்றன்று. சரியை தாசமார்க்கம், கிரியை சற்புத்திரமார்க்கம், யோகம் சகமார்க்கம், ஞானம் சன்மார்க்கம். இவற்றின் பயன் முறையே சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம் என்ப. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் எட்டாஞ் சூத்திரத்தில் இம்முறையை நிறுவினர். யோகமே மூன்றாம் படியாயின், அதன் எட்டுறுப்புக்களுள் ஒன்றாகிய ஆதனத்தின் அளவில் அமைந்தொழிதல் எங்ஙனம் பொருந்தும்?

பிற்காலத்தெழுந்த அடயோக நூல்களும் இதனையே வலியுறுத்தும். 15-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அடயோகப் பிரதீபிகை, ஆதிநாதராகிய சிவபெருமானை வணங்கித் தொடங்கி, அடயோகத்தை இராசயோகம் ஏறுதற்குரிய ஏணி என்றே கூறுகின்றது. இருபதாம் நூற்றாண்டில் இவ்வேணியே பெரிதும் விளம்பரமுற்றது. குவலயானந்தர் 1924-இல் லோனாவ்லாவில் கைவல்யதாமம் நிறுவி ஆதனங்களை உடல்நூல் முறையால் ஆராயத் தொடங்கினர். 1930-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் கிருஷ்ணமாச்சாரியார் மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகசாலை நடத்தினர். பத்தமடையிற் பிறந்து மலேயாவில் மருத்துவராயிருந்த சிவானந்த சுவாமிகள் 1936-இல் ரிஷிகேசத்தில் தெய்வநெறிக் கழகங் கண்டனர். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் நிறைவேற்றிய தீர்மானத்தால் ஜூன் 21 அனைத்துலக யோக நாளாயிற்று. நாட்பட்ட இடுப்புவலி உடையார்க்கு இப்பயிற்சி ஓரளவு பயன்தருதலை இக்கால மருத்துவ ஆராய்ச்சியும் ஒப்புகின்றது.

நோய் நீங்குதல் நன்றே. அதனை நாடி வருவாரை இகழ்தல் தகாது. பசுக்களின் கண்ணீர் துடைத்தற்கு உடம்பெடுத்த நாயனார், மக்களின் உடல்நோய் தீர்தலை வெறுப்பாரல்லர். ஆயினும் கோயிலைத் துப்புரவாக்கி விளக்கேற்றிய ஒருவன், உள்ளே எழுந்தருளிய பெருமானைக் காணாதே மீளுவனாயின், அவன் உழைப்பு முற்றுப்பெற்றதாகாது. ஒழுக்கத்தால் வாழ்வும், ஆதனத்தால் உடம்பும், மூச்சின் ஒழுங்கால் மனமும் செவ்விதாகப் பெற்றவர், அச்செம்மையைச் சிவத்தினிடத்து வைப்பாராயின், யோகம் என்னுஞ் சொல் தன் பொருள் நிரம்பப் பெறும்.