உட்கருவின் உறையும் ஒரு கொடிய நோயும்

1886-ஆம் ஆண்டு. தலையில் மயிரின்றி, தோல் மெலிந்து, கிழவனைப் போலிருந்த ஒரு சிறுவனைப் பற்றி இலண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் எழுதினார். 1904-இல் ஹேஸ்டிங்ஸ் கில்ஃபோர்டு இந்நோய்க்குப் 'புரோஜீரியா' என்று பெயரிட்டார். பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

செல்லின் படம் வரையும்போது உட்கருவின் உறையை ஒரு கோடாகப் போட்டுவிடுகிறீர்கள் அல்லவா? அக்கோட்டின் உட்புறத்தில் லாமின் என்னும் புரத இழைகள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. இறுகச் சுருண்ட குரோமேட்டின் இவ்வலையைப் பற்றியபடி ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். அங்குள்ள ஜீன்கள் பெரும்பாலும் உறங்குபவை. உழைப்பவை பெரும்பாலும் உள்ளே தள்ளி இருக்கும். எந்த ஜீன் விழித்திருப்பது என்பதில் உறைக்கும் பங்கு உண்டு.

2003-இல் உண்மை வெளிப்பட்டது. லாமின்-ஏ புரதத்தின் ஜீனில் ஒரே ஓர் எழுத்துப் பிழை! அதனால் 50 அமினோ அமிலங்கள் குறைந்த புரதம் உருவாகி, தன் கொழுப்பு வாலால் உறையிலேயே ஒட்டிக்கொள்கிறது. உட்கரு கோணலாகிறது, ஓரத்துக் குரோமேட்டின் பிடி தளர்கிறது. இக்குழந்தைகள் சராசரியாக 14, 15 வயதிலேயே இதய நோயால் இறந்துவிடுகிறார்கள்.

அந்த வால் சேராமல் தடுக்கும் மருந்து லோனாஃபார்னிப். புற்றுநோய்க்கென உருவாக்கப்பட்ட இது, 2020-இல் அமெரிக்காவில் புரோஜீரியாவுக்கு அனுமதி பெற்றது. நோயைக் குணப்படுத்துவதில்லை, ஆயுளைச் சற்று நீட்டுகிறது.