சிப்பாயை விட்டுக்கொடுக்கும் பரீட்சை

1980-ல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நடந்த கணினிகளுக்கான உலக செஸ் போட்டியை வென்றது ‘பெல்’. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் ஜோ காண்டனும் உருவாக்கிய இயந்திரம். நொடிக்குச் சுமார் 1,60,000 நிலைகளைப் பார்க்கும். வெட்டு, செக், மேட் என்று கணக்குப் போடும் இடத்தில் அதை ஏமாற்றுவது கஷ்டம். ஆனால் வெட்டவும் ஒன்றுமில்லை, மிரட்டவும் ஒன்றுமில்லை என்ற அமைதியான நிலை வந்துவிட்டால், அந்தக் காலத்து இயந்திரங்கள் திக்குத் தெரியாமல் யானையை இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டிருக்கும்.

இந்தக் குறையை மதிப்பெண் போட்டு அளந்தவர்கள் இருவர். ஒருவர் ஸ்லோவேனியாவின் இவான் பிராட்கோ. மற்றவர் டேனி கோபெக், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்த அமெரிக்க ஆட்டக்காரர். 24 நிலைகளைப் பொறுக்கியெடுத்தார்கள். பாதி தந்திரக் கணக்குகள். மீதிப் பாதி, சிப்பாயை முன்னே தள்ளி எதிராளியின் சிப்பாய் வரிசையை உடைக்கும் ‘லீவர்’ நகர்வுகள். ஒரு நிலைக்கு 2 நிமிடம். நான்கு நகர்வுகள் வரை வரிசையாகச் சொல்லலாம்; சரியான விடை முதலில் இருந்தால் 1 மதிப்பெண், அடுத்தடுத்த இடங்களில் இருந்தால் அரை, மூன்றில் ஒன்று, கால். மனிதருக்கும் இயந்திரத்துக்கும் ஒரே வினாத்தாள். 1982-ல் முடிவுகள் அச்சில் வந்தன.

செஸ் சொல்லித்தருபவன் என்ற முறையில் எனக்கு அதில் பிடித்தது 2-வது நிலை. இரு பக்கமும் 2 யானை, 1 குதிரை, 6 சிப்பாய். வெள்ளை ஆட வேண்டும். விடை: டி4 சிப்பாயை டி5-க்குத் தள்ளுவது. கறுப்பு அதை சி6 சிப்பாயால் வெட்டினால், வெள்ளை உடனே இ5 என்று இன்னொரு சிப்பாயைத் தள்ளி டி6 யானையை விரட்டுகிறது. இப்போது பலகையைப் பாருங்கள். சி வரிசை திறந்துகொண்டது, அங்கே வெள்ளையின் இரண்டு யானைகளும் ஏற்கெனவே நிற்கின்றன. காலியான டி4 கட்டத்தில் பி3 குதிரை வந்து உட்காரலாம். ஒரு சிப்பாய் போனது போகட்டும், ஆட்டம் கைக்கு வந்துவிட்டது.

காயை எண்ணிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன இயந்திரத்துக்கு இது நஷ்டக் கணக்கு. லாபம் தெரியவரும் நகர்வு அதன் பார்வை எட்டாத தொலைவில் இருந்தது. தந்திர நிலைகளில் நல்ல மதிப்பெண் வாங்கிய நிரல்கள் லீவர் நிலைகளில் சறுக்கின.

பரீட்சையில் ஓட்டை இல்லாமல் இல்லை. வன்பொருள் வேகமெடுத்ததும் ‘எஞ்சின்கள்’ எனப்படும் செஸ் நிரல்கள் இன்னும் ஆழமாகத் தேடி அதே விடைகளைத் தொட ஆரம்பித்தன. புரிந்து ஆடினதா, தேடிப் பிடித்ததா? விடைத்தாளை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது.

1997 மே 4 அன்று நியூயார்க்கில் இந்தக் கேள்வி உலக சாம்பியன் காஸ்பரோவைப் போட்டு உலுக்கியது. ஐபிஎம்மின் டீப் புளூ கணினியுடனான 2-வது ஆட்டம். ராணியை பி6-க்கு அனுப்பினால் வெள்ளைக்குச் சிப்பாய் லாபம். பதிலுக்குக் கறுப்பு தன் இ5 சிப்பாயைத் தள்ளித் திமிறப் பார்க்கும். டீப் புளூ அந்த ஆசையில் விழவில்லை. ‘ஏ’ வரிசைச் சிப்பாய்களை மாற்றிக்கொண்டு, 37-வது நகர்வில் பிஷப்பை இ4-ல் கொண்டுவந்து நிறுத்தி வழியை அடைத்தது. மனிதர் யாரோ உள்ளே கைகொடுத்தார்களோ என்று காஸ்பரோவ் சந்தேகப்பட்டார், ஐபிஎம் மறுத்தது. அதன்பின் வீட்டுக் கணினி வைத்திருந்த செஸ் பைத்தியங்களுக்கெல்லாம் அந்த நிலையே ஒரு பரீட்சைக் கேள்வியானது.

பிராட்கோவும் கோபெக்கும் தொடங்கிய பரீட்சை முறையை, பிறகு வந்த ‘ஸ்ட்ரேட்டஜிக் டெஸ்ட் சூட்’ விரிவாகச் செய்தது. 15 தலைப்புகள், தலைப்புக்கு 100 நிலைகள்: குதிரைக்கு நல்ல கட்டம், திறந்த வரிசை, 7-வது வரிசை, வீண் காய்மாற்றத்தைத் தவிர்ப்பது என்று போகும். சிறந்த நகர்வுக்கு 10, அடுத்ததற்குக் குறைவு. ஆனால் விடைகளை முடிவு செய்ய அன்றைய எஞ்சின்களே துணைக்கு வந்தன. இன்றைய எஞ்சின் அந்த விடையிலிருந்து விலகினால், நான் எஞ்சின் பக்கம்தான் நிற்பேன். வாத்தியாரைவிட மாணவன் கெட்டிக்காரனான வகுப்பில் விடைத்தாளுக்கு என்ன மரியாதை?

ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினை உருவாக்கும் குழு வேறு வழிக்குப் போனது. 2013 முதல், நிரலில் எந்த மாற்றம் செய்தாலும் பழையதையும் புதியதையும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் மோதவிட்டு, வலு கூடியிருந்தால்தான் ஏற்கிறார்கள். 2020-ல் நரம்பு வலையமைப்பு சேர்ந்ததும் இதே சோதனையில் தேறித்தான். நியாயமான முறை, ஆனால் ஏன் நல்ல நகர்வு என்று அது ஒரு வார்த்தை சொல்லாது.

எஞ்சினை அளக்க அந்த 24 நிலைகள் இனி உதவாது. பயிற்சியாளர்கள் அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். நிலைக்கு 2 நிமிடம். விடையோடு காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள்.